பதினான்காவது இடம்

1

ஆறு நாள், ஐந்து மணி நேரம்.

கட்டடங்களைச் சோதிக்கும் இன்ஜினியர் எங்கள் வாசற்படியில் கால் வைத்ததிலிருந்து, கடைசிக் குடும்பத்தின் கடைசி மூட்டை அதே படியில் இறங்கியது வரை. சனிக்கிழமை காலை பத்து மணி முதல் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி வரை. அப்போது எனக்குப் பதிமூன்று வயது. எது நடந்தாலும் நேரம் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது.

பன்னிரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது இதை எழுதக் காரணம், என் தங்கை வேலை செய்யும் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை. அங்கே புதன்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்களாம். அவர்களைச் சுற்றிக் காட்டும் வேலையை அவளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் சூப்பர்வைசர். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லிட்டேன்க்கா. போய் நல்லா யோசிச்சிட்டு வான்னு அனுப்பிட்டாரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஏன், நீ நல்லாத்தானே பேசுவ."

"நானா? நான் ஒரு இடத்தச் சுத்திக் காட்டினா, அப்புறம் அந்த இடம் இருக்குமா?"

போனில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பேச்சில் வராது என்று தெரியும். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் படித்தது இயற்பியல். கதை எழுதிப் பழக்கமில்லை. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டுக்கு ஒரு விதி உண்டு: தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அப்படியே விட வேண்டும். அந்த விதியை மட்டும் இங்கே வைத்துக்கொள்கிறேன்.

இன்று வியாழன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தக் கட்டடம் ஒரு முதியவரைப் போல—"

இல்லை. அது நான்கு மாடிக் கட்டடத்தைப் போலத்தான் இருந்தது. மாடிக்கு நான்கு வீடு, ஒவ்வொன்றிலும் இரண்டு அறை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரெல்லாம் ஆட்களை மேலே ஏற்றிவிட்டு வந்து, நாலாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருவார்.

இரண்டாவது முயற்சி: "வறுமையிலும் அழகு உண்டு என்பதை ஒரு சிறுமி—"

இதைப் படித்தால் தங்கை இந்தத் தாளைச் சுருட்டியே என் தலையில் அடிப்பாள். வறுமையில் அழகு இருப்பதாக அவள் சொன்னதில்லை. மூன்றாவது படியில் அழகு இருப்பதாகச் சொன்னாள். எந்தப் படி என்று கேட்டால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள்.

மூன்றாவது முயற்சி: "கைடு வர்றா, வழிய விடுங்க!"

இதுவே இருக்கட்டும். இரண்டாவது மாடி ரேடியோ மாமாவின் குரல். பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர். பழுது பார்த்த பிறகும் அவை பழையபடியேதான் கரகரக்கும். என் தங்கைக்குக் 'கைடு' என்று பேர் வைத்தது அவர்தான். அவளுக்கு எட்டு வயது. கையில் ஒரு துடைப்பக் குச்சி. கட்டடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், மீட்டர் படிக்க வருபவரானாலும் யார் வீட்டு உறவுக்காரரானாலும், அவள் சுற்றிக் காட்டாமல் போக முடியாது. மொத்தம் பதினான்கு இடங்கள். எல்லாவற்றுக்கும் எண் உண்டு.

3

ஒன்றாம் இடம், வாசற்படி. நடுவில் கல் தேய்ந்து குழிந்திருக்கும். "எத்தனை பேர் மிதிச்சா கல்லு இப்படிக் குழியும், சொல்லுங்க? இப்ப நீங்க மிதிச்சதும் இதுல சேர்ந்துடுச்சு." வந்தவர் காலைத் தூக்கிப் பார்ப்பார்.

நான்காம் இடம், படிக்கட்டுச் சுவர். சுண்ணாம்பு உரிந்து உரிந்து உள்ளே இருந்த பழைய வண்ணங்களெல்லாம் தெரியும். நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ரோஸ். ஏழு அடுக்கு. அவளே நகத்தால் சுரண்டி எண்ணியது. "ரோஸ் அடிச்சப்ப எங்கப்பா பிறக்கவே இல்ல" என்பாள். அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

ஏழாம் இடம் ரேடியோ மாமா வீட்டுக் குழாய். பாதி திறந்தால் ஊளையிடும். முழுதும் திறந்தால் நின்றுவிடும்.

"கைடம்மா, வாஷர் மாத்தலாம்னு இருக்கேன்."

"மாத்திடாதீங்க மாமா. அப்புறம் ஏழாம் நம்பருக்கு நான் எங்க போவேன்?"

அவர் மாற்றவில்லை.

பதின்மூன்றாம் இடம் மொட்டைமாடி. அங்கிருந்து பார்த்தால் தெரு முழுக்கப் பட்டறைகளின் தகரக் கூரைகள். எல்லாம் துருப்பிடித்தவை. ஒரு தகரம்போல இன்னொரு தகரம் துருப்பிடிக்கவில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. குச்சியை நீட்டி ஒவ்வொன்றாக நிறம் சொல்வாள்: செங்கல், பழுத்த இலை, அப்பாவின் பழைய சட்டை, ஆறின காயம். பதினொரு நிறம் வரை போகும். நானும் அதே மாடியில் நின்று அதே கூரைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒரே நிறம்தான்.

பதினான்காம் இடம் எங்கள் வீட்டு உள்ளறைச் சுவர். மேலிருந்து கீழே, ஆள் உயரத்துக்கு ஒரு விரிசல். அவள் அதை ஆறு என்பாள். அதன் குறுக்கே ஒரு துண்டு கிராஃப் தாள் ஒட்டியிருந்தது. அது பாலம். பாலத்தைக் காட்டிச் சுற்றலை முடித்து, வந்தவரின் கையைக் குலுக்குவாள்.

[தாளை ஒட்டியது அக்கா. பாலம் கட்ட அல்ல. விரிசல் அகன்றால் தாள் கிழியும், எத்தனை கட்டம் என்று எண்ணினால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். இன்ஜினியர் வருவதற்கு ஒன்பது நாள் முன்பு தாள் கிழிந்தது. இரண்டு கட்டம். "அக்கா, பாலம் உடைஞ்சிடுச்சு" என்று தங்கைதான் முதலில் பார்த்துச் சொன்னாள்.]

4

சோதனைக்கு வரப்போவதாக வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். கட்டடம் தேறவில்லை என்றால் பதினாறு குடும்பங்களும் காலி செய்ய வேண்டும். பதினாறும் சேர்ந்து போக வேறு இடம் எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு திக்கில்தான் போக வேண்டியிருக்கும்.

மொட்டைமாடியில் கூட்டம் கூடியது. பேசியதெல்லாம் மூன்றாவது மாடித் தையல்காரம்மாதான். அவர் பேசினால் கத்தரிக்கோல் போவதுபோல இருக்கும்.

"விரிசலப் பூச நேரமில்ல. பூசினாலும் ஈரம் காட்டிடும். மறைக்கணும். ஆணி அடிக்க இடம் இருந்தாப் போதும்."

அப்படித்தான் நாட்காட்டிகள் வந்தன. ரேடியோ மாமா கடை கடையாகப் போய்ப் பழைய நாட்காட்டிகளைக் கட்டாக வாங்கி வந்தார். விரிசல் இருக்கும் இடமெல்லாம் ஒன்று. சிலது முழங்கால் உயரத்தில் தொங்கியது. ரேடியோ மாமா வீட்டில் மட்டும் ஐந்து. நான்கு வெவ்வேறு வருடங்கள்.

எங்கள் விரிசலை எந்த நாட்காட்டியாலும் மறைக்க முடியாது. அப்பாவும் ரேடியோ மாமாவும் சேர்ந்து இரும்பு பீரோவைத் தள்ளி அதன் முன்னால் நிறுத்தினார்கள். பிறகு அப்பா தங்கையைக் கூப்பிட்டார்.

"பதினாலாம் நம்பர் இனிமே கிடையாது. யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது."

"அதுதான்ப்பா கடைசி. அது இல்லாம எப்படி முடிக்கிறது?"

"பதிமூணோட முடிச்சுக்கோ."

"கை குலுக்கறது?"

"மொட்டைமாடியில குலுக்கு."

ரொம்ப நேரம் யோசித்தாள். "சரி" என்றாள். அவள் சரி என்று சொன்னால் சரிதான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமை காலை அவளைத் தையல்காரம்மா வீட்டில் உட்கார வைத்து, ஒரு டப்பா பட்டனைக் கொட்டி நிறம் பிரிக்கச் சொன்னார்கள்.

5

பட்டன்கள் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

இன்ஜினியர் முதல் மாடியை முடித்துப் படியேறும்போது, எதிரே குச்சியோடு நின்றாள். பின்னால் பதினாறு வீட்டுப் பெரியவர்கள்.

"நீ யாரும்மா?"

"இந்தக் கட்டடத்தோட கைடு."

அவர் களைத்த மனிதர். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் சுவரைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியல். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். "சரி கைடு, காட்டு" என்றார்.

வாசற்படிக்கே திரும்பக் கூட்டிப் போய் ஒன்றிலிருந்து தொடங்கினாள். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். ஏழு அடுக்கு வண்ணத்தில் டார்ச் அடித்து எண்ணினார், ஆறுதான் வந்தது, அவள் ஏழாவதைக் காட்டிக்கொடுத்தாள். ரேடியோ மாமா வீட்டில் குழாய் ஊளையிட்டதைக் கேட்டுவிட்டு நாட்காட்டிகள் பக்கம் திரும்பினார்.

"இங்க இப்ப என்ன வருஷம் சார்?"

"எனக்கு ஞாபக மறதி சார். எதுக்கும் இருக்கட்டும்னு நாலையும் வெச்சிருக்கேன்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். ஒரு நாட்காட்டியையும் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அது அதிர்ஷ்டமாகத் தோன்றியது.

மொட்டைமாடியில் பதினொரு துருவையும் சொல்லி முடித்தாள். பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"பதிமூணு. அவ்வளவுதான் சார், முடிஞ்சுது."

அவர் கை குலுக்கினார். "எத்தனையோ கட்டடம் பார்த்திருக்கேன். இப்படி யாரும் எனக்குக் காட்டினதில்ல" என்றார். குறிப்பு எழுத வேண்டும் என்று தனியாகக் கீழே இறங்கினார். பெரியவர்கள் மேலேயே நின்றார்கள். தையல்காரம்மா தங்கையின் கன்னத்தை வலிக்கக் கிள்ளினார். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான்—

[கோடு போட்டு அடித்த வரி. நான் அந்த மாடியில் இல்லை.]

அப்பா சந்தோஷமாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். இருபது நிமிடம் கழித்து எல்லாரும் இறங்கி வந்தபோது எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளறையில் இன்ஜினியர். பீரோ ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. அவர் கிழிந்த கிராஃப் தாளின் முன்னால் மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தார். அறை வாசலில், எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்திருந்த தங்கை.

அதுதான் எல்லாரும் பார்த்தது. ஒரு சுவர், ஒரு இன்ஜினியர், ஒரு கைடு.

"போச்சு" என்றார் தையல்காரம்மா. "போய் இதையும் காட்டிட்டா."

அக்கா அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

6

இன்று வெள்ளி. நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மேலே உள்ள கடைசி வரி பொய். முதல் பக்கத்தில் சனிக்கிழமை என்று குறித்துவிட்டு, இங்கே வந்து பள்ளிக்கூடம் என்று எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. விதிப்படி அதை அழிக்காமல் விடுகிறேன்.

இந்த அக்கா பாத்திரம் சரியாக அமையவில்லை. முதல் வரைவில் அவளே இல்லை. கதை அவள் இல்லாமலும் ஓடியது. ஆனால் கிராஃப் தாளை ஒட்ட ஒருத்தி வேண்டியிருந்தது. அதற்காகக் கூப்பிட்டேன், வந்தவள் போக மாட்டேன் என்கிறாள்.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தவை: வகுப்பில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் அடுத்த தெருவைச் சொல்வாள். ஒரு தடவை தோழி ஒருத்தி வீடு வரை வருகிறேன் என்றபோது, வேறு கட்டடத்தின் வாசலில் நின்று கையசைத்து அனுப்பிவிட்டு, அவள் மறைந்த பிறகு நடந்து வந்தாள். தங்கை ஊருக்கே சுற்றிக் காட்டிய வீட்டை அக்கா ஒருத்திக்கும் காட்டியதில்லை.

இன்னொன்றும் தெரியும். அவள் அந்தச் சுவரை ஒட்டித்தான் படுப்பாள். தாள் கிழிந்த நாளிலிருந்து தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினாள். இரண்டு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பயந்தாளா, வெட்கப்பட்டாளா? தாளில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சம நீளத்துக்கு வருகிறது.

அதைவிட முக்கியமானது அந்த ஆறு நாள். நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் யாராவது தங்கையிடம் கேட்டார்கள்: ஏம்மா காட்டின?

சனி: "நான் காட்டல."

ஞாயிறு: "நான் காட்டல. சரின்னு சொன்னேன்ல?"

திங்கள்: "காட்டலன்னு நினைக்கிறேன்."

செவ்வாய்: அழுதாள்.

புதன்: "தெரியல."

வியாழன்: "தெரியாமக் காட்டிட்டேன்."

ஒரு வாக்கியம் தேய்ந்து இன்னொன்றானதை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எழுதவும் செய்தாள். வாயைத் திறக்கவில்லை.

யாரும் கொடுமைக்காரர்கள் அல்ல. வெள்ளிக்கிழமை மூட்டை கட்டும்போது தையல்காரம்மா அந்தப் பட்டன் டப்பாவையே தங்கையின் கையில் கொடுத்தார். "விடு கண்ணு. சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்" என்றார். ரேடியோ மாமா போகும்போது குழாயைப் பாதி திறந்து ஒரு தடவை ஊளையிட வைத்தார், அவளுக்காக. எல்லாரும் அவளை மன்னித்தார்கள். அதோடு, அவள்தான் செய்தாள் என்பது முடிவாகிவிட்டது.

புது வீட்டில் குச்சி இல்லை. யாரும் கைடு என்று கூப்பிடவில்லை. விருந்தாளி வந்தால் இன்றும் அடுப்படியில் போய் நின்றுகொள்கிறாள்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: இரண்டு வருடம் கழித்து ஒரு மழைநாள், பகல் பதினொரு மணிக்கு, காலியாக இருந்த அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவர் தானாக விழுந்தது. ஏழு வண்ணமும் போயிற்று. நாங்கள் அங்கேயே இருந்திருந்தால் அந்த நேரத்தில் படியில் யாராவது இருந்திருப்பார்கள். ஆகவே நடந்தது எல்லாம் நன்மைக்கே.

இதில் பொய் இல்லை. ஆனால் விழுந்தது நான்காவது இடம். பதினான்காவது இடம் விழவில்லை. அந்தச் சுவரை இயந்திரம் வைத்துத்தான் இடித்தார்கள், அதுவும் ஒரு நாள் முழுக்க ஆனது என்று அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். எது எதைக் காப்பாற்றியது என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க அதேபோல இன்னொரு கட்டடம் வேண்டும். இல்லை. தவிர, நன்மைக்கே என்றால் அந்தப் பழியை ஒரு எட்டு வயதுக் குழந்தை ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டாவது முடிவு: புதன்கிழமை. தங்கை பாட்டில் தொழிற்சாலையில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறாள். உலையில் உருகிய கண்ணாடியைக் காட்டி, "இதுக்கு எத்தனை நிறம்னு—"

இதை எழுதும் உரிமை எனக்கு இன்னும் வரவில்லை.

மூன்றாவது முடிவு ஒரு கணக்கு. பீரோ, உள்ளே இருந்த துணியோடு, ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோ. சிமென்டுத் தரையில் இரும்புக் கால்கள். உராய்வுக் கெழு பூஜ்யம் புள்ளி நான்கு என்று வைத்துக்கொண்டால், அதை நகர்த்த முப்பத்து நான்கு கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும். என் தங்கை அன்று இருபத்தொரு கிலோ. அப்பாவுக்கே ரேடியோ மாமாவின் துணை வேண்டியிருந்தது. பதிமூன்று வயதுப் பெண்ணால்கூடச் சும்மா தள்ளினால் முடியாது. கீழ்த்தட்டுத் துணிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கால்களைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் முடியும்.

அன்று பதினாறு குடும்பத்தில் ஒருவர்கூட இந்தக் கணக்கைப் போடவில்லை. கோபத்தில் இருந்தார்கள். போடத் தெரிந்த ஒருத்தி போடவில்லை.

கணக்கை எழுதிவிட்டால் போதும், மீதியை அவளே புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். இது கோழைத்தனம் என்று எழுதிப் பார்த்த பிறகு தெரிகிறது. இருந்தாலும் நோட்டை அப்படியே கொடுக்கப்போகிறேன்.

8

இன்று சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு வந்தாள். நான் வரச் சொன்ன நேரம் அல்ல, பஸ் அப்படி வந்தது.

என் வீட்டு அடுப்படி மேசையில் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரே உட்கார முடியாமல், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். இந்தப் பகுதியைப் பிறகுதான் எழுதுகிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் சிரித்தாள். "ஆறின காயம்! நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படியேதான் சொன்ன."

"பெரிய ஆளா இருந்திருக்கேன்."

பக்கம் திருப்பினாள். "ஏன்க்கா உன்னை 'அக்கா'ன்னு எழுதியிருக்க? யாரோ மாதிரி. நான்னு எழுத வேண்டியதுதானே?"

"எழுதிப் பார்த்தேன். வரல."

ஆறு நாள் பட்டியலில் நின்றாள். விரல் வைத்து, ஒவ்வொரு கிழமையாகப் படித்தாள். "சனிக்கிழமை நான் காட்டலன்னு சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்ல. காட்டினதுதான் ஞாபகம் இருக்கு. அவரு கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போனது, 'இதான் ஆறு'ன்னு சொன்னது. நல்லா ஞாபகம் இருக்குக்கா."

நான் குழாயை மூடினேன்.

அவள் கணக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். அதை இரண்டு தடவை படித்தாள். பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. தாளையும் அப்படித்தான் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"வழுக்கி விழுந்தேன்" என்றாள்.

"என்ன?"

"அன்னிக்கு. மாடியிலேர்ந்து ஓடி வந்து அந்த ரூம் வாசல்ல வழுக்கி விழுந்தேன். பாவாடை பின்னாடியெல்லாம் ஈரம். அம்மா அதுக்கும் சேர்த்துத் திட்டினாங்க. தரையில ஏன் தண்ணின்னு யாரும் கேக்கல." நோட்டை மேசையில் வைத்தாள். "நான் ஓடி வந்து விழுறதுக்கு முன்னாடியே அவரு உள்ள இருந்தாரு இல்ல?"

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு பாட்டிலில் எங்கோ ஒரு கோடு தெரிகிறது, எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை என்பதுபோல இருந்தது.

இன்னும் ஒரே ஒரு கேள்வியைத் தவிர, இதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் என்ன சொல்வாள் என்பதும் இங்கே வராது. அவளை வைத்து ஒரு முடிவை ஒரு தடவை மற்றவர்கள் எழுத நான் விட்டுவிட்டேன். இன்னொன்றை நானே எழுத மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பீரோவின் எடை, தரையின் ஈரம், கிழமை எல்லாம் உங்களிடம் இருக்கின்றன.

"அக்கா, பீரோவை யாரு நகர்த்தினா?"

எழுதியது உதவவில்லை. எழுதியதைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடம், சில நாள். எத்தனை நாள் என்று இந்த ஒரு தடவை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

"நீ பதிமூணுதான் காட்டின" என்றேன். "சரின்னு சொன்ன மாதிரியே. பதினாலாவதை அவருக்கு நான்தான் காட்டினேன்."